காலி வீதியில் சைக்கிள் பயணம்

பாடசாலை விடுமுறை வந்ததும் "வாப்பா, சைக்கிளில் காலிக்குப் போவோமா?" என்று பிள்ளைகள் கேட்பது வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் புதிதல்ல. வாப்பாவோடு போகட்டும். ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள்.

ஒன்று, பார்க்க வேண்டியவை. வெள்ளவத்தையிலிருந்து காலி ஏறத்தாழ 110 கிலோமீற்றர். பாதி வழியில் பேருவளை. இரவு அங்கே தங்கலாம். கடலோரப் பாறை மேட்டில் வெண்ணிறமாய் நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசல், அரபு வணிகர் இக்கரைக்கு வந்த காலத்தை நினைவூட்டும். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்த காலிக் கோட்டையை 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. அதனுள்ளேதான் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல்.

இரண்டு, கடலின் குணம். நம் கரையில் எரிமலை இல்லை. ஆனாலும் 1883 ஆகஸ்ட் 27இல் ஜாவாவுக்கு அருகே கிரகத்தோவா எரிமலை வெடித்தபோது, அதன் அலை காலி வரை வந்தது. 2004 டிசம்பர் 26இல் சுமாத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் சுனாமி இங்கு வந்தது. பெரலியவில் ஒரு ரயிலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீதியோரம் இருக்கும் நினைவுச் சின்னத்தில் பிள்ளைகள் சற்று இறங்கி நிற்கட்டும்.

அன்று பல இடங்களில் கடல் முதலில் உள்வாங்கியது. வேடிக்கை பார்க்கப் போனவர்கள் திரும்பவில்லை. கடல் திடீரென உள்வாங்கினால் சைக்கிளைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். முதல் அலை வடிந்தாலும் உடனே இறங்கக்கூடாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகுதானே தவக்குல்! இதைச் சொல்லிக்கொடுத்து, துஆச் செய்து வழியனுப்புங்கள்.