கையை ஆளும் ஐந்து நரம்புகள்

மனிதன் கையாளும் கருவிகளுள் எல்லாம் முதற்கருவி அவனுடைய கையே. உளி பிடிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், வீணை மீட்டுவதும், தேர்வில் விடை எழுதுவதும் அக்கையின் செயல்களே. எனினும் எலும்பும் தசையும் மட்டும் இருந்தால் கை இயங்கிவிடாது. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்லவும், தோல் உணரும் சூட்டையும் குளிரையும் வலியையும் மூளைக்குத் தெரிவிக்கவும் நரம்புகள் வேண்டும். அந்நரம்புகளின் அமைப்பையும், அவை பழுதுறும்போது விளைவனவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

புய நரம்புப் பின்னல்

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் கழுத்துப் பகுதியின் ஐந்து முதல் எட்டு வரையுள்ள நான்கும், மார்புப் பகுதியின் முதல் நரம்பும் கைக்கு உரியவை. இந்த ஐந்து வேர்களும் கழுத்தின் பக்கவாட்டில் கூடி மூன்று தண்டுகளாகின்றன. ஒவ்வொரு தண்டும் முன், பின் என இரண்டாகப் பிரிய, ஆறு பிரிவுகள் உண்டாகின்றன. அவை காறை எலும்பின் அடியாக அக்குளை அடைந்து மூன்று வடங்களாக மீண்டும் கூடுகின்றன. அவ்வடங்களிலிருந்து கைக்குரிய ஐந்து பெருநரம்புகள் கிளைக்கின்றன. 5, 3, 6, 3, 5 என்ற எண் வரிசையை நினைவில் கொண்டால் அமைப்பு முழுவதும் விளங்கும்.

நேராகச் செல்லாமல் நரம்புகள் ஏன் இவ்வாறு பின்னிப் பிரிகின்றன? கையை மடக்கும் தசைகளுக்குரிய இழைகள் முன்பிரிவுகளிலும், நீட்டும் தசைகளுக்குரியவை பின்பிரிவுகளிலும் இங்கே வகை பிரிக்கப்படுகின்றன. மேலும், பெரும்பாலான தசைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்களின் இழைகள் வந்து சேர்கின்றன. ஆகவே ஒரு வேர் பழுதுற்றாலும் தசை முற்றிலும் செயலிழப்பதில்லை.

கடினமான பிரசவத்தில் குழந்தையின் தலைக்கும் தோளுக்கும் இடையே கழுத்து மிகுதியாக இழுபட்டால், மேல்வேர்கள் சிதையக்கூடும். அப்போது தோளை உயர்த்தவோ முழங்கையை மடக்கவோ இயலாமல் கை பக்கவாட்டில் தொங்கும். இரு சக்கர வாகனத்திலிருந்து தோள் தரையில் மோத விழுவோருக்கும் இது நேர்வதுண்டு. கீழ்வேர்கள் சிதைந்தால் விரல்களின் திறன் போகும். இந்த இரண்டாம் வகையை 1885-இல் விளக்கிக் கட்டுரை எழுதியவர் அகஸ்தா குளும்ப்கே. அப்போது அவர் பாரிஸில் மருத்துவ மாணவி! இன்றும் அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஐவரின் பணிகள்

முதலாவது, தசைத்தோல் நரம்பு. முழங்கையை மடக்கும் இருதலைத் தசை இதன் ஆட்சியில் உள்ளது. இரண்டாவது, அக்குள் நரம்பு. மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றிச் சென்று தோள் தசையை இயக்குகிறது. தோள் மூட்டு நழுவினால் இந்நரம்பும் காயமுறலாம்.

மூன்றாவதாகிய ரேடியல் நரம்பு, மேற்கை எலும்பின் பின்புறத்தை ஒட்டிச் சுற்றிவந்து, மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் தசைகளுக்குச் செல்கிறது. நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டபடியே அயர்ந்து உறங்கிவிட்டால், இந்நரம்பு எலும்போடு அழுந்தி, விழித்ததும் மணிக்கட்டு துவண்டு தொங்கும். இது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

நான்காவதாகிய மீடியன் நரம்பு, மணிக்கட்டில் ஒன்பது தசைநாண்களுடன் ஒரே குறுகிய குகைவழியில் நுழைகிறது. அங்கே வீக்கம் ஏற்பட்டால் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போகும். கட்டைவிரலைப் பிற விரல்களுக்கு எதிராகக் கொண்டுவரும் ஆற்றலும் இந்நரம்பினாலேயே அமைகிறது.

ஐந்தாவது அல்னார் நரம்பு. முழங்கையை எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்று மின்சாரம் பாய்ந்தாற்போல் இருப்பதை அறியாதார் இல்லை. நாம் இடித்துக்கொள்வது எலும்பை மட்டுமன்று. அதன் பின்னே தோலை ஒட்டி ஓடும் இந்நரம்பையுமே. விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறுதசைகளில் பெரும்பாலானவை இதனைச் சார்ந்தவை.

தொழுநோயும் அல்னார் நரம்பும்

1873-இல் ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி, உடலின் குளிர்ந்த பகுதிகளில் நன்கு வளர்வது. முழங்கையருகே தோலை ஒட்டிக் கிடக்கும் அல்னார் நரம்பு அதற்கு எளிதில் இலக்காகிறது. நரம்பு தடிக்கிறது, சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் உணர்விழக்கின்றன, சிறுதசைகள் மெலிந்து விரல்கள் நகம்போல் வளைகின்றன.

‘தொழுநோயால் விரல்கள் அழுகி உதிரும்’ என்பது நெடுங்கால நம்பிக்கை. அது தவறு என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த இவர், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். விரல்களை அழிப்பது நேரடியாக நோயன்று, வலியறியாமையே என்று அவர் கண்டார். கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தாலும், உறக்கத்தில் எலி கடித்தாலும் அந்நோயாளிக்குத் தெரிவதில்லை. கவனிக்கப்படாத புண்களே விரல்களைக் குறைக்கின்றன. கிருமி தாக்காது விட்ட முன்கைத் தசைகளின் நாண்களை விரல்களுக்கு மாற்றி இணைத்து, வளைந்த கைகளை அவர் மீண்டும் இயங்கச் செய்தார். நாம் அருவருப்புடன் விலக்கும் வலி, உண்மையில் நம் உடலின் காவலன் அன்றோ?

காலம் பொன் போன்றது

அறுபட்ட நரம்பு, தைத்த பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. முழங்கையிலிருந்து விரல்களின் சிறுதசைகளை எட்டவே பல மாதங்கள் ஆகும். அதற்குள் தசைகள் நலிந்துவிட்டால் நரம்பு வந்து சேர்ந்தும் பயன் குறைவே. ஆகவே காலந்தாழ்த்தாமை இன்றியமையாதது.

1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துகள் தொழுநோயைக் குணப்படுத்துகின்றன. அரசு சுகாதார நிலையங்களில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் இழந்த உணர்வை மருந்து எப்போதும் மீட்டுத் தருவதில்லை. உணர்ச்சியற்ற தேமலோ, மரத்த சுண்டுவிரலோ கண்டவர் வெட்கத்தால் மறைத்து வைப்பதே பெருங்கேடு. அத்தகையோர் நம் வீட்டிலோ விடுதியிலோ தெருவிலோ இருக்கலாம். அவர்களை ஒதுக்காமல், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது கற்றவர் கடமை. ஒரு நரம்பைப் பற்றிய அறிவு ஒருவரின் கையைக் காக்குமாயின், அக்கல்வியே பயனுள்ள கல்வி.