நீர்ச்சுழல் வண்டும் அதன் பெயர்களும்

கண்டியைச் சூழ்ந்த மலைக்காட்டு ஓடைகளிலே, நீர் சற்றே தேங்கிநிற்கும் மடுக்களை உற்று நோக்குமிடத்து, மிளகுமணிகளைச் சிந்தினாற்போலக் கரிய வண்டுகள் கூட்டமாக நீர்ப்பரப்பில் வட்டமிட்டுச் சுழல்வதைக் காணலாம். நேயர்களிற் பலர் இக்காட்சியைக் கண்டிருப்பீர்கள். பெயர் யாதெனக் கேட்டால், 'நீர்ப்பூச்சி' என்றே பெரும்பாலோர் விடை பகர்வர். நீண்ட கால்களைப் பரப்பி நீர்மேல் நடக்கும் பூச்சிக்கும் அதே பெயர்தான். அதுவோ மூட்டைப்பூச்சி அடங்கிய வருணத்தைச் சேர்ந்தது. இதுவோ கடினமான முன்சிறகுகளையுடைய வண்டு. பெயர் ஒன்றாயிருத்தலால் மாணவர் இரண்டையும் ஒன்றெனவே எண்ணிவிடுகின்றனர்.

மேனாட்டறிஞரும் தொடக்கத்தில் இதனைத் தனித்து நோக்கினாரல்லர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் இவ்வண்டுக்கு 'டைட்டிஸ்கஸ் நட்டேற்றர்' எனப் பெயரிட்டார். 'நட்டேற்றர்' என்பது நீந்துவோன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல். மூழ்கி நீந்தும் வண்டுகளின் சாதியிலேயே இதனையும் அவர் அடக்கிவிட்டார். பிரெஞ்சு அறிஞர் ஜொஃப்ருவா 1762இல் வட்டத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் 'கைரினஸ்' என்னும் தனிச் சாதியை வகுத்தார். 1810இல் லத்ரேல் என்பார் கைரினிடே என்னும் குடும்பத்தை நிறுவினார். ஆனால் ஜொஃப்ருவா, லின்னேயசின் இருசொற் பெயரீட்டு முறையைச் சீராகக் கையாளவில்லை என்பதால், அவர் இட்ட பெயர்கள் செல்லுமா என்பது நெடுங்காலம் வழக்காக நின்றது. சர்வதேச விலங்கியற் பெயரீட்டு ஆணைக்குழு 1994இலேதான் அதனைத் தீர்த்தது. சிறு வண்டொன்றின் பெயருக்கு 232 ஆண்டுகள்!

தனிக் குடும்பமாகப் பிரித்தமை முற்றும் தகும். இதன் கண்கள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளவுண்டவை. மேற்பாதி வானை நோக்க, கீழ்ப்பாதி நீருள் நோக்கும். முன்னங்கால்கள் இரையைப் பற்றுதற்கேற்ப நீண்டவை; ஏனையவை துடுப்புப்போலத் தட்டையானவை.

இனி நம் நாட்டு வண்டுக்கு வருவோம். பொரோரிங்கஸ் என்னும் சாதியைச் சேர்ந்த 'இண்டிக்கன்ஸ்' என்னும் இனம் இலங்கைக்கே உரியது. இதற்கு 1858இல் பெயரிட்டவர் பிரான்சிஸ் வாக்கர். இலண்டனிலிருந்த பிரித்தானிய நூதனசாலையின் பூச்சித் திரட்டுக்களை ஆராய்ந்தவர் அவர். ஏற்கெனவே பெயர்பெற்ற பூச்சிகளுக்கு மீளவும் பெயரிட்டார் எனப் பின்வந்தோர் அவரைக் கடிந்ததுண்டு. இப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1962இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு இலங்கைக்கு வந்து உயிரினங்களைச் சேகரித்தது. அக்குழுவிலிருந்த பேர் பிரிங்க் இக்குடும்பத்தில் தனிப்புலமை பெற்றவர். வாக்கர் தொலைவிலிருந்து பெயரிட்டதை அவர் ஓடைக்கரையில் நின்று தேடினார்.

தமிழிலே 'சுழல்வண்டு' என்று வழங்குவது பொருந்தும் என்பது என் கருத்து. ஜொஃப்ருவா கண்ட கருத்தும் அதுவே. நீர்மேல் நடப்பதற்கு வேறு பெயர் தருக. ஐயமுறும் மாணவர் கண்ணை நோக்கட்டும்; நான்கு கண்கள்போலத் தோன்றுவது சுழல்வண்டு.