வாயில் ஆறாத புண்ணைக் கவனியுங்கள்

அயர்லாந்திலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து, பிரின்ஸஸ் மார்கிரெட் மருத்துவமனையில் தலை, கழுத்துப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நிபுணராகப் பணியாற்றியவர் வைத்தியர் பற்றிக் கலேன். 2002 முதல் 2012 வரை ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் காது, மூக்கு, தொண்டை மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கினார்.

இத்துறையினருக்குப் புற்றை வெட்டி அகற்றுவது பாதி வேலைதான். முன்கையிலிருந்து தோலையும் இரத்தக்குழாயையும் எடுத்து, நாக்கில் வெட்டிய இடத்தில் பொருத்தி, நோயாளி மீண்டும் பேசவும் விழுங்கவும் வழிசெய்வது மறுபாதி. நேரத்தோடு கண்டுபிடித்தால் பலருக்கு இவ்வளவு பெரிய சத்திரசிகிச்சை தேவைப்படாது.

புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும். வெற்றிலை போடும் அம்மம்மா, அப்பப்பாவின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படலம், கழுத்தில் கட்டி இருந்தால், நோவில்லை என்று விட்டுவிடாமல் குடும்ப வைத்தியரிடமோ பல்வைத்தியரிடமோ கூட்டிச்செல்லுங்கள். மொழிபெயர்க்க நீங்களும் உள்ளே போங்கள்.