மூச்சுக்குத் துணை நிற்கும் தாதி

படியேறுகையில் மூச்சு வாங்குவது எவருக்கும் இயல்பு. சற்று அமர்ந்தால் அது ஆறிவிடும். சுவாசப்பையிற் புற்றுநோய் கண்டவர்க்கோ இருந்த இடத்திலேயே மூச்சு முட்டுவதுண்டு. மூச்சு முட்டவே அச்சம் பிறக்கும். அச்சம் பிறந்தால் மூச்சு விரைந்து ஆழமற்றுப் போகும். அதனால் முட்டல் மேலும் மிகும். இச்சுழலை அறுப்பதற்கு மருந்து மட்டும் போதுமா?

இதற்கு விடை கூறும் ஆய்வொன்று 1999ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. முதற் சிகிச்சை முடிந்த பின்னரும் மூச்சுத்திணறலால் வருந்திய 119 நோயாளர் அதிற் பங்குகொண்டனர். ஒரு பகுதியினர் வழக்கமான பராமரிப்பைப் பெற்றனர். மற்றப் பகுதியினர் கிழமைக்கு ஒருமுறையாக மூன்று முதல் எட்டுக் கிழமைகள் வரை விசேட தாதியரிடம் சென்றனர்.

தாதியர் ஆற்றிய பணி யாது? மூச்சு எப்பொழுது முட்டுகிறது, அவ்வேளை மனத்தில் எழும் எண்ணம் என்ன என்று பொறுமையோடு கேட்டனர். மூச்சை அடக்கியாளும் பயிற்சியளித்தனர். உடலும் மனமும் இளைப்பாறும் முறைகளைக் கற்பித்தனர். எட்டுக் கிழமைகளின் பின் நோக்கியபோது, அவர்களிடம் சென்றோருக்கு மூச்சுத்திணறலும் மனச்சோர்வும் மற்றவரிலும் குறைந்திருந்தன. அன்றாடக் கருமங்களை ஆற்றும் வலுவும் மேலாயிருந்தது.

2002இல் வெளியான மற்றோர் ஆய்வு 203 நோயாளரைப் பற்றியது. சிகிச்சை முடிந்தபின் ஒரு பகுதியினரை வைத்தியர்க்குப் பதிலாக விசேட தாதியரே தொடர்ந்து கவனித்தனர். மூன்று மாதத்தில் அவர்களுக்கு மூச்சுத்திணறல் குறைவாயிருந்தது. ஆயுட்காலம் கூடவில்லை, ஆயினும் இறுதி மூச்சைத் தம் வீட்டிலேயே விடும் பேறு அவர்களுள் கூடுதலானோருக்குக் கிட்டியது.

நோயைக் கண்டறிவதும் சத்திரசிகிச்சை செய்வதும் வைத்தியரின் கடன். நோயோடு கழியும் நாட்களைத் தாங்கத்தக்கவை ஆக்குவதற்கும் தனிக் கல்வி வேண்டும் என்பதையே இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன. தாதித் தொழிலை நாடும் மாணவ மாணவியர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

இத்தகைய நோயாளர் உள்ள வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. மூச்சு முட்டும்போது சூழ்ந்து நின்று பதறாதீர்கள். சாளரத்தைத் திறந்து, காற்று முகத்திற் படச் செய்து, ஒருவர் மட்டும் அருகமர்ந்து அமைதியாகப் பேசுங்கள். நோயாளியைச் சற்று முன்சாய்ந்து இருக்கச் செய்து, மூச்சை மெல்ல வெளியே விடும்படி கூறுங்கள். திணறல் திடீரென மிகுமாயின் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.