வெங்காயம் பிடுங்கும் கை பஞ்சா மேஜையில் தாங்குமா?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில், குன்றின் மேல் இருக்கும் தண்டாயுதபாணி கையில் கரும்போடு நிற்கிறார். கீழே வயல்களில் நிற்பவர்களின் கையில் சின்ன வெங்காயம். விதைக் காயை ஒவ்வொன்றாக விரல் நுனியில் பிடித்து ஊன்றுவது, களைக்கொத்தோடு குனிந்தே நகர்வது, எழுபது நாள் கழித்துச் செடியைக் கொத்தாகப் பிடித்து இழுப்பது, தாளை அறுப்பது, மூட்டையைத் தூக்கிப் பட்டறையில் சேர்ப்பது என்று இந்தப் பயிரில் முதலிலிருந்து கடைசிவரை வேலை எல்லாம் கைக்குத்தான். டிராக்டர் வந்து உழவு மாறியது. ஊன்றுவதும் பிடுங்குவதும் பெரும்பாலும் இன்னும் விரல்களிடமே இருக்கின்றன.

அப்படி வளர்ந்த கை, டீக்கடை பெஞ்சில் முழங்கையை ஊன்றி எதிராளியின் கையைச் சாய்க்கும்போது ஊரே கைதட்டும். அடுத்து யாராவது ஒருவர், "இந்தக் கையை வைத்துக்கொண்டு இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய், பெரிய போட்டிக்குப் போ" என்பார். பெரிய போட்டி எங்கே நடக்கிறது, அது என்ன கேட்கும், தோற்றால் எதை இழக்க வேண்டியிருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கலாம். செட்டிகுளத்திலிருந்து அலங்காநல்லூர் சுமார் 180 கிலோமீட்டர். ஜல்லிக்கட்டை யாரும் பிடிபலப் போட்டி என்று சொல்வதில்லை. ஆனால் 2017-ல் தமிழக அரசு கொண்டுவந்த விதிகளைப் படித்தால் அது ஒரு பிடிக்கான போட்டி என்பது புரியும். வாலைத் தொடக்கூடாது, கொம்பைப் பிடிக்கக்கூடாது. திமிலை மட்டும் தழுவி 15 மீட்டர் தூரமோ, 30 நொடியோ, மாடு மூன்று முறை துள்ளும் வரையோ விடாமல் இருக்க வேண்டும். கலித்தொகை காலத்து ஏறு தழுவுதல் இன்று மீட்டரிலும் நொடியிலும் அளக்கப்படுகிறது, அவ்வளவுதான். பதிவு செய்து, மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகே களத்துக்குள் விடுகிறார்கள்.

அதே அளவு தூரம் இன்னும் தெற்கே போனால் திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடிக்குப் பக்கம் வடலிவிளை. பொங்கலை ஒட்டி அங்கே இளவட்டக்கல் தூக்குகிறார்கள். ஆண்களுக்கு நூறு கிலோவைத் தாண்டும் கற்களும் உண்டு. பெண்களுக்கும் தனியாகப் போட்டி உண்டு. இளவட்டக்கல்லின் சூட்சுமம் எடையில் இல்லை, உருண்டையில் இருக்கிறது. பிடிக்கக் காதும் இல்லை, விளிம்பும் இல்லை. மூட்டைக்கு மூலை உண்டு, சாக்கைச் சுருட்டிப் பிடிக்கலாம். வழவழப்பான கல்லில் விரலை அகல விரித்து, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து அழுத்தினால்தான் அது மடிக்கே வரும். வெங்காய மூட்டையைச் சர்வசாதாரணமாகத் தோளில் ஏற்றுகிறவர்களும் இந்தக் கல்லிடம் முதல் தடவை ஏமாந்துதான் போவார்கள்.

மூன்றாவது தூரம் டெல்லி. டீக்கடை விளையாட்டுக்கு வடக்கே பஞ்சா என்று பெயர், ஆங்கிலத்தில் ஆர்ம் ரெஸ்லிங். 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 13 வரை டெல்லி இந்திரா காந்தி உள்விளையாட்டு அரங்கில் புரோ பஞ்சா லீக் முதல் பருவம் நடந்தது. ஆறு அணிகள்: கொச்சி, ஹைதராபாத், மும்பை, பரோடா, லூதியானா, ரோத்தக். தமிழ்நாட்டின் பெயரில் அணி இல்லை. கோப்பையை எடுத்தது பக்கத்து மாநிலத்துக் கொச்சி. உடல் எடைவாரியாக ஆண்கள், பெண்கள் மோதினார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிப் பிரிவு இருந்தது. இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பி, ஊன்றுகோலிலேயே கையை உரமேற்றிக்கொண்டவர்கள் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி.

செட்டிகுளத்திலிருந்து ஆலத்தூர் கேட், அங்கிருந்து பஸ் பிடித்துச் சென்னை, சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ரயிலில் மட்டும் சுமார் 2,180 கிலோமீட்டர், 33 மணி நேரம். போக வர நாலைந்து நாள் ஆகும். ஆடி மாதத்தில் வயலையும் மாட்டையும் வீட்டுப் பெண்கள் தலையில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டிக்கெட் காசைவிட இந்தக் கணக்குதான் பெரியது. போவதென்று முடிவானால் எடை விஷயத்தில் கவனம் வேண்டும். இவை எடைப் பிரிவு வைத்து நடக்கும் போட்டிகள். கீழ்ப் பிரிவில் நுழைவதற்காக இரண்டு நாள் பட்டினி கிடந்து, தண்ணீரும் குடிக்காமல் ரயிலில் உட்கார்ந்து போனால், மேஜைக்கு வரும்போது விரலில் சத்து இருக்காது. முதல் முறை போகிறவர்கள் இருக்கிற எடையிலேயே நிற்பது நல்லது.

இப்படி ஒரு விளையாட்டுக்காக ஊர் ஊராகப் பயணம் போகும் பழக்கத்தைப் பெரிதாக்கியது ஒரு கோழிப்பண்ணை ஊர் என்றால் நாமக்கல்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெட்டலுமா என்று ஒரு சிற்றூர். 1879-ல் லைமன் பைஸ் என்பவர் அங்கே முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் இயந்திரத்தை உருவாக்கியதிலிருந்து, உலகின் முட்டைக் கூடை என்று பெயர் வாங்கிய ஊர் அது. 1950-களில் அங்கிருந்த ஒரு மதுக்கடையில் நடந்து வந்த கைமடக்குப் பந்தயத்தை பில் சோபரானஸ் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் எழுதி எழுதியே பிரபலமாக்கினார். 1962-ல் அது உலகச் சாம்பியன் போட்டியாக மாறி, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். 1968-ல் பீனட்ஸ் என்ற சித்திரத் தொடரில் ஸ்னூப்பி என்ற நாய்க்குட்டியும் பெட்டலுமாவுக்குப் பயணம் போனது. அவ்வளவு தூரம் போய், நாய்க்குக் கட்டைவிரல் இல்லை என்று போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்!

படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்த நகைச்சுவையில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. பஞ்சா மேஜையில் கை கோத்தவுடன் நடுவர் முதலில் பார்ப்பது கட்டைவிரலைத்தான். இருவரின் கட்டைவிரல் கணுவும் வெளியே தெரிய வேண்டும், எதிராளியின் விரல்கள் அதை மூடிவிடக்கூடாது. கைகள் நழுவிப் பிரிந்தால் பட்டை போட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கட்டி மறுபடி தொடங்குவார்கள். முழங்கை மெத்தையை விட்டு எழும்பினால் தவறு. டீக்கடை பெஞ்சில் இந்த எதுவும் கிடையாது. அங்கே ஜெயித்தவர்கள் மேஜையில் தோற்பதற்குப் பாதிக் காரணம் பலக்குறைவு இல்லை, இந்த விதிகள் பழகாததுதான்.

மீதிப் பாதிக் காரணம் வயல் வேலையிலேயே இருக்கிறது. பிடி என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். பால் கறக்கும்போது உள்ளங்கையோடு சேர்த்து இறுக்குவது ஒரு பிடி. வெங்காய விதையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடிப்பது இன்னொன்று. தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது விரல்கள் சும்மா பூட்டிக்கொண்டு நிற்பது வேறொன்று. வயல் வேலை இந்த மூன்றையும் தருகிறது, ஆனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக, பாதி பலத்தில். அதனால் கைக்கு வருவது அலுக்காத தன்மை. போட்டியோ சில நொடிகளில் முழு பலத்தையும் கேட்கிறது. மண்வெட்டிக் காம்பைச் சுற்றிக் கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டுவிடும். எதிராளியின் கை அத்தனை ஒல்லியாக இருக்காது. இங்கிலாந்தில் தாமஸ் இஞ்ச் என்ற பலசாலியிடம் சுமார் 78 கிலோ எடையுள்ள டம்பெல் ஒன்று இருந்தது. அதன் கைப்பிடி ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தடிமன். அந்த எடையை இரண்டு கையால் தூக்குகிறவர்கள் ஏராளம். ஒற்றைக் கையில் அந்தத் தடித்த பிடி விரலைத் திறந்துவிடுவதால், பெரிய பயில்வான்களும் அதைத் தரையிலிருந்து கிளப்ப முடியாமல் திணறினார்கள்.

இதற்கான பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. வாளியின் கைப்பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கி, தண்ணீர் நிரப்பி இரண்டு கையிலும் பிடித்து வரப்பில் நடக்கலாம். ஒரு செங்கல்லைப் படுக்கையாகப் பிடிக்காமல், மேலிருந்து விரல் நுனிகளால் கவ்வி இருபது நொடி தொங்கவிடலாம். வேப்பங்கிளையில் தடித்த துண்டைப் போட்டு, இரு முனையையும் பிடித்துத் தொங்கலாம். மண்வெட்டியின் காம்பை நுனியில் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து இலையை மெதுவாக மேலே தூக்கி இறக்குவது பஞ்சாவுக்கு மிக நல்லது. முதலில் நுனியைவிட்டுச் சற்று உள்ளே தள்ளிப் பிடித்துப் பழக வேண்டும். இவை எல்லாம் விரலை மூடுகிற வேலை. திறக்கிற தசைகளுக்கும் வேலை கொடுக்காவிட்டால் முழங்கையின் வெளிப்பக்கம் வலி பிடித்துக்கொள்ளும். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி ஐந்து விரலுக்கும் மாட்டி விரித்து விரித்து மூடினால் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், அதுவும் கடும் மண்வெட்டி வேலை இல்லாத நாளில். தசை சில வாரத்தில் தேறும், தசைநார் தேற மாதக்கணக்காகும். பத்து வாரமாவது கையில் இல்லாமல் போட்டிக்குப் பெயர் கொடுப்பது அவசரம். போட்டிக்கு நாலைந்து நாள் முன்பே பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

இனி சொல்வதை வீட்டிலுள்ள இளைஞர்களுக்குக் கட்டாயம் படித்துக் காட்ட வேண்டும். கைமடக்கு விளையாட்டில் மேல்கை எலும்பு உடைவதுண்டு. விழுந்து உடைவதுபோல் அல்ல, துணியைப் பிழிவதுபோல் முறுகி உடைகிறது. பக்கத்தில் நிற்பவர்களுக்கே சத்தம் கேட்கும். தோற்கப் போகிறோம் என்கிற நேரத்தில் முகத்தையும் தோளையும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, உடம்பின் எடையால் கையை இழுக்கப் பார்க்கிறார்கள். உடம்பு ஒரு பக்கம் திரும்புகிறது, மேஜையில் பூட்டிய கை எதிர்ப் பக்கம் போகிறது, நடுவில் மாட்டிய எலும்புதான் முறுக்கை வாங்குகிறது. அந்த எலும்பை ஒட்டியே ஒரு நரம்பு சுற்றி வருகிறது. அதுவும் அடிபட்டால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கையின் உட்புறத்தில் எலும்பு இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது, அந்தத் துண்டே பிய்ந்து வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பெரியவர்களோடு உட்காரவைத்து வேடிக்கை பார்ப்பது தவறு.

காப்பதற்கு வழி எளியது. கண் எப்போதும் தன் கையைப் பார்த்தபடி இருக்க வேண்டும், கை தன் மார்புக்கு நேரே இருக்க வேண்டும். கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே தோளும் சேர்ந்து போக வேண்டும். முடியவில்லை என்றால் விட்டுக்கொடுத்துவிட வேண்டும். நல்ல நடுவர் ஆபத்தான நிலையைப் பார்த்தவுடன் குரல் கொடுப்பார். திருவிழாக் கூட்டத்தில் மைக் பிடித்தவர் "விடாதே, விடாதே" என்றுதான் கத்துவார். உடைந்த கை சேர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றால், ஒரு சின்ன வெங்காயப் பட்டம் முழுசாகப் போகிறது. கூலிக்கு ஆள் வைத்துப் பிடுங்கினால் எத்தனை மிஞ்சும் என்பது செட்டிகுளத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

போட்டிக்குப் போகாதவர்களுக்கும் பிடி முக்கியம். 2015-ல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இந்தியா உட்பட 17 நாடுகளில், 35 முதல் 70 வயது வரையுள்ள சுமார் 1.4 லட்சம் பேரின் கைப்பிடியைக் கருவியால் அளந்து, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். பிடி 5 கிலோ குறையக் குறைய, இறப்பு அபாயம் 16 சதவிகிதம் கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு ஸ்பிரிங்கை அமுக்கினால் ஆயுள் கூடும் என்று கடைக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. உடம்பு மொத்தத்துக்கும் பிடி ஓர் அடையாளம், அவ்வளவே. ஆசிய நாடுகளின் மருத்துவக் குழு 2019-ல் வகுத்த அளவுப்படி ஆணுக்கு 28 கிலோவுக்கும், பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் தசை நலிவைச் சந்தேகிக்க வேண்டும். பிசியோதெரபி பிரிவு உள்ள மருத்துவமனையில் கருவி இருந்தால் ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். வருடக்கணக்காகப் பால் கறந்த அம்மா திடீரென்று பாத்திர மூடியைத் திறக்கச் சிரமப்பட்டால், அல்லது ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்துப்போய் எழுந்து கையை உதறினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் காட்ட வேண்டும். மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டிருக்கலாம், சர்க்கரை நோயும் இருக்கலாம்.

போட்டிக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நாலைந்து சுற்று மடக்கிய கை அன்று இரவும் மறுநாளும் சொன்ன பேச்சைக் கேட்காது. விரல் மூடும், இறுக்காது. ராத்திரி பஸ்ஸில் வந்து ஆலத்தூர் கேட்டில் இறங்கி, அங்கே நிறுத்திவைத்த பைக்கை எடுத்து மேற்கே செட்டிகுளம் ரோட்டில் விடும்போதுதான், கிளட்சும் முன் பிரேக்கும் எத்தனை பிடி கேட்கின்றன என்பது தெரியும். அன்றைக்கு மட்டும் வீட்டிலிருந்து யாரையாவது வந்து அழைத்துப் போகச் சொல்லிவிடலாம்.