கம்பியை இறுக்கிக் கட்டாதீங்க! - மாட்டு மின்வேலியில நான் படிச்ச பாடம்

கதிர்காமத்துல எங்க தெரு மாடுகளுக்கு வேலியே கிடையாது. ரோட்டு நடுவுல படுத்திருக்கும், நம்ம பைக்தான் சுத்திப் போகணும். அதனால மின்வேலின்னா எனக்கு வெறும் சர்க்யூட் டயகிராம்தான். போன மழைக்காலத்துல பாகூர் பக்கம் இருக்கிற மாமா, "நீதான் ட்ரிபிள்-ஈ படிக்கிறியே, சோலார் வேலி வாங்கியிருக்கேன், வந்து கட்டிக் குடுடா"ன்னு கூப்பிட்டாரு. கெத்தா கிளம்பிப் போனேன்.

மாமாகிட்ட நாலு கறவை மாடு. தீவனப்புல் போட்ட கொல்லையில ஒரு பகுதியை மேயவிட்டு, சில நாள் கழிச்சு அடுத்த பகுதிக்கு மாத்துவாரு. வேலியும் கூடவே நகரணும். அதனாலதான் தற்காலிக வேலி. பக்கத்துலயே அடுத்தவங்க நெல்வயல்.

நான் சவுக்குக் கம்பு நட்டு, ஒவ்வொரு கம்புலயும் கம்பியை ரெண்டு சுத்து சுத்தி நல்லா முறுக்கி இறுக்கினேன். பார்க்க சூப்பரா இருந்துச்சு. ராத்திரி மழை. காலையில பார்த்தா செவலை மாடு பக்கத்து நெல்லுல நிக்குது. ஒரு கம்பு சாஞ்சு, முறுக்கின இடத்துலயே கம்பி அறுந்து கிடந்துச்சு.

வயல்காரர் வந்து கத்தினாரு. கடைசியில, "மோட்டார் கொட்டாய்ல இருந்து ஒரு ஒயரை இழுத்து விடுப்பா, எந்த மாடும் தாண்டாது"ன்னாரு. மாமா ஒரு நிமிஷம் யோசிச்சாரு. அந்த ஒரு நிமிஷம்தான் என்னை இதை எழுத வச்சது.

ரெண்டும் ஒரே கரண்ட் இல்ல

சோலார் வேலி மெஷினுக்குள்ள ஒரு கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி, டிரான்ஸ்ஃபார்மர் வழியா சட்டுன்னு கொட்டும். கம்பியில பல ஆயிரம் வோல்ட் வரும். ஆனா ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவுல குறைஞ்சது 1 வினாடி இடைவெளி இருக்கணும். துடிப்பு 10 மில்லிவினாடியைத் தாண்டக்கூடாது. 500 ஓம் சுமையில அதோட ஆற்றல் 5 ஜூலுக்கு மேல போகக்கூடாது. இது ஐஇசி 60335-2-76 என்கிற சர்வதேசத் தரம் சொல்ற வரம்பு. "ஆம்ப் கம்மி, அதான் சாகல"ன்னு பலர் சொல்வாங்க. உண்மையில ஓடுற நேரம்தான் ரொம்பக் கம்மி.

மோட்டார் கொட்டாய் ஒயர்ல 230 வோல்ட். உடம்பை 1000 ஓம்னு வச்சா 230 மில்லிஆம்ப். அதாவது வினாடிக்கு சுமார் 53 ஜூல், இடைவெளியே இல்லாம. பிடிச்ச கை விடாது. இதயம் தாறுமாறாத் துடிச்சு நின்னுடும். 2023 மார்ச்ல தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்துல, சட்டவிரோத மின்வேலியில 3 யானைங்க செத்துப்போச்சு. கூட வந்த 2 குட்டிங்க மட்டும் தப்பிச்சது. மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த அதே வருஷம் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. யானைக்கே அந்தக் கதின்னா, ராத்திரி தண்ணி பாய்ச்சப் போற மனுஷனுக்கு?

இதைச் சொன்னதும் மாமா, "வேணாம்பா, உன் வேலியையே சரியாக் கட்டு"ன்னாரு.

சரியா மாட்டுறது எப்படி?

முதல் தப்பு, கம்பை நம்பினது. காஞ்ச மரம் கரண்டைக் கடத்தாத மாதிரி இருக்கும், நனைஞ்சா கடத்தும். மழையில ஒவ்வொரு கம்பும் கொஞ்சம் கொஞ்சமா கரண்டை மண்ணுக்கு இறக்கிடுச்சு. மரக்கம்புன்னா இன்சுலேட்டர் கட்டாயம். காலால மிதிச்சு நடுற பிளாஸ்டிக் கம்பம்னா கொக்கி அதுலயே இருக்கும்.

ரெண்டாவது தப்பு, இறுக்கினது. நடுக் கம்பங்க கம்பியைத் தாங்கினா போதும், பிடிச்சு வைக்கக்கூடாது. கொக்கிக்குள்ள கம்பி முன்ன பின்ன நகரணும். அப்பதான் மாடு சாஞ்சா அந்த இழுப்பு வேலி நீளம் பூரா பரவும். முறுக்கிட்டா மொத்த இழுப்பும் ஒரே இடத்துல விழுந்து, கம்பு சாயும், கம்பி அறும். இழுத்துக் கட்ட வேண்டியது மூலைக் கம்பங்கள்ல மட்டும். அதை ஆழமா நட்டு, கனமான இன்சுலேட்டர் போடணும்.

உயரம் மாட்டு மூக்கு மட்டத்துக்கு, சுமார் 80-90 செ.மீ. கன்னுக்குட்டி இருந்தா கீழ இன்னொரு கம்பி. நைலான் கலந்த கம்பியை ஒட்டுப்போடும்போது வெறும் முடிச்சு பத்தாது. உள்ள இருக்கிற உலோக இழைகளை ஒண்ணோட ஒண்ணு முறுக்கணும். புல்லு கம்பியைத் தொடாம வெட்டிவிடணும். முள்கம்பியில மட்டும் கரண்ட் விடவே கூடாது, மாட்டிக்கிட்டவங்க விடுபட முடியாது.

கடைசியா எர்த். மாடு தொட்டதும் கரண்ட் மண் வழியா மெஷினுக்குத் திரும்பினாதான் ஷாக் அடிக்கும். எர்த் ராடு ஈரமான மண்ணுல ஆழமா இறங்கணும். வீட்டு எர்த்துல இருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கணும்.

எல்லாத்தையும் அவுத்து மறுபடி கட்ட ஒரு மதியம் ஆச்சு. சாயந்திரம் செவலை மூக்கை வச்சுப் பார்த்துச்சு, துள்ளிப் பின்னால போச்சு. அப்புறம் கம்பிப் பக்கமே வரல. இந்த வேலி மாட்டைப் பலத்தால நிறுத்துறதில்ல, அது மனசுல ஒரு கோடு போடுது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனா வேலி கம்பி எங்க போய் முடியுதுன்னு பாருங்க. டிக்... டிக்...னு சத்தம் போடுற மெஷின்னா நிம்மதி. மோட்டார் கொட்டாய்க்குப் போனா, பெரியவங்களாச்சேன்னு தயங்காம சொல்லிடுங்க.