பளிங்கு மாளிகையும் பார்வையாளரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கைத்தொழிற் பொருட்காட்சிகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது, 1851ஆம் ஆண்டு மே 1ஆந் திகதி இலண்டன் ஹைட் பூங்காவில் ஆரம்பமான மாபெரும் பொருட்காட்சியாகும். ஜோசெப் பக்ஸ்ரன் இரும்பாலும் கண்ணாடியாலும் உருவாக்கிய ‘பளிங்கு மாளிகை’யில் ஏறத்தாழ 14,000 பேர் தம் பொருள்களைக் காட்சிக்கு வைத்தனர். ஐந்தரை மாதங்களில் வருகைகள் 60 இலட்சத்தைத் தாண்டின. இத்துணை மக்களை அது எவ்வாறு ஈர்த்தது, அவர்களுக்கு அது எவ்விடத்தை வழங்கியது என்னும் வினாக்கள் ஒருங்கே ஆராயத்தக்கன.

1848 ஏப்ரலில் வாக்குரிமை கோரிய மக்கள் சாசன இயக்கத்தினர் கெனிங்ரன் வெளியில் திரண்டபோது, அரசு தலைநகரிற் படைகளை நிறுத்தியது. அந்த அச்சம் 1851இலும் முற்றாக நீங்கவில்லை. ஆயினும், தொடக்கத்தில் உயர்வாக இருந்த நுழைவுக் கட்டணம் மே 26 முதல் வாரத்தில் நான்கு நாள்களுக்கு ஒரு சிலிங்காகக் குறைக்கப்பட்டது. தொழிலாளர் வாரந்தோறும் சிறுதொகை சேமித்துப் புகையிரதத்தில் வந்தனர். தோமஸ் குக் மட்டும் ஏறத்தாழ 1,50,000 பேரின் பயணத்தை ஒழுங்குசெய்தார். கலகமெதுவும் நிகழவில்லை.

ஆனால் தொழிலாளர் பார்வையாளராகவே வரவேற்கப்பட்டனர். அவர்களது பங்கேற்பை ஒழுங்குசெய்ய அமைக்கப்பட்ட குழுவில் சாள்ஸ் டிக்கன்சும், சாசன இயக்கத்தவரான வில்லியம் லவெற்றும் இடம்பெற்றிருந்தனர். அரச ஆணைக்குழு அதற்கு உரிய அங்கீகாரம் அளிக்காமையால், 1850இலேயே அக்குழு கலைந்தது. காட்சிப் பொருள்களில் விலை குறிக்கவும் அனுமதியில்லை. நெசவு இயந்திரங்கள் மக்கள் கண்முன் இயங்கின. அவற்றுக்கான பருத்தியிற் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தது என்பது அங்கு காட்சிக்கு வரவில்லை. 1849இற் பஞ்சாப்பைக் கைப்பற்றியபோது பெற்ற கோகினூர் வைரமும் வியப்புக்குரிய பொருளாகவே வைக்கப்பட்டது. உற்பத்திப் பொருள் முன்னிற்க, உற்பத்தி உறவுகள் மறைந்தன.

எனினும், இதனை ஆளும் வர்க்கத்தின் பகட்டு என்று மட்டும் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. ஈட்டிய ஏறத்தாழ 1,86,000 பவுண் இலாபத்தைக் கொண்டு தென் கென்சிங்ரனில் நிலம் வாங்கப்பட்டது. அங்கு அரும்பொருட் சாலைகளும் கல்வி நிறுவனங்களும் எழுந்தன. அந்நிதியின் புலமைப்பரிசிலே நியூசிலாந்துக் குடியானவர் மகனான ஏர்ணஸ்ட் ரதபோட்டை 1895இற் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தது. சிடன்ஹாமுக்கு மாற்றப்பட்ட மாளிகை 1936இல் எரிந்தழிந்தது. கல்வி நிறுவனங்கள் நிலைத்தன. காணும் வாய்ப்பைப் பொதுவாக்கியமை அப்பொருட்காட்சியின் மெய்யான சாதனை. காட்டப்பட்டவற்றைப் படைத்தோர் யார், எந்நிலையிற் படைத்தனர் என்னும் வினா, பின்வந்த பொருட்காட்சிகள் யாவற்றுக்கும் உரியதாக எஞ்சியது.